கஞ்சி போட்ட கொசுவலை

வெயில் இன்னும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை விட்டு இறங்கவில்லை. பின்கட்டில் குடியிருந்த மமதா கட்டிலுக்கு மேலே நீலக் கொசுவலையைக் கட்டப் போனாள். வலை பிரியவில்லை. மொடமொடவென்று அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. ஒரு மூலையை மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அடுத்த மூலையையும் மோந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர், முகமெல்லாம் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். பாராட்டு வரும் என்று காத்திருந்தார், பாவம்.

"அக்கா, மருந்து போச்சு" என்றாள் மமதா.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மருந்து எப்படிப் போகும்? எங்கே போச்சு? கையில் இருப்பது வலை. அது முன்னைவிடச் சுத்தமாக, ஓட்டை ஒடிசல் இல்லாமல் ஜோராக இருக்கிறது. இவள் எதற்கு எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்?

இன்றைக்கு எழுதும்போதும் எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். புரியாததை எழுதினால் ஒருவேளை புரியுமோ என்னவோ.

பின்கட்டுக்கு வந்தவர்கள்

போன இதழில் தறிச் சத்தம் நின்றால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மதினி போன் பண்ணி, வீட்டு விஷயத்தையெல்லாம் பத்திரிகையில் போடுகிறாயே என்று சடைத்துக்கொண்டாள். இந்த வாரம் அவள் தம்பியின், அதாவது எங்கள் வீட்டுக்காரரின் முறை. சடைத்தால் சடைக்கட்டும்.

எங்கள் வீட்டு முன்பக்கம் பவர்லூம் தறிகள், நடுவில் நாங்கள், பின்கட்டு வாடகைக்கு. அதில்தான் மமதாவும் அவள் புருஷன் தினேஷும் வந்து சேர்ந்தார்கள். ஒடிசாவில் மலைப்பக்கம் சொந்த ஊர். தினேஷ் ராஜபாளையம் ரோட்டில் ஹாலோ பிளாக் போடும் இடத்தில் வேலை பார்த்தான். அவர்கள் மகள் ரிங்கிக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. முதலில் வந்ததே எங்கள் ஊர்ப் பேச்சு. "பெரியம்மா, அங்கன வாரேன்" என்று என்னிடம் ஓடிவரும். அவள் அம்மாவுக்கு அந்த அளவு தமிழ் வராது.

என் மகன் சங்கர் ரிங்கியைவிடக் கொஞ்சம் மூத்தவன். எங்கள் ஊரில் கோயில் அம்மன் பேரிலும் சாமி பேரிலும் வீட்டுக்கு ஒரு கோமதி, வீட்டுக்கு ஒரு சங்கர். நானும் கோமதிதான். ஆனால் என் சங்கர் சும்மா வந்தவன் இல்லை. ஆடித்தபசு தவறாமல் மாவிளக்கு எடுத்து, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்ட வாய்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்த பிறகு வந்தவன். அவன் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கும். சிரிக்கட்டும்.

மமதா ஊரிலிருந்து கொண்டுவந்ததில் துணிமணி, ஒரு சட்டி தவிர உருப்படியான சாமான் அந்த நீல வலைதான். விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே அதைக் கட்டி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவாள். ராணிக்கு அந்தப்புரம் தயாராகிவிட்டதா என்று நான் கிண்டல் பண்ணுவேன். எங்கள் வீட்டில் கொசுவத்திச் சுருள் உண்டு, பிளக்கில் செருகும் மெஷின் உண்டு, கொசு அடிக்கிற பேட் உண்டு. சாயங்காலமானால் வீட்டுக்காரர் பேட்டைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பொசுக்குவார். அந்தக் கருகல் வாசனையில் அவருக்கு ஒரு திருப்தி.

வலையின் நூலிலேயே மருந்து இருக்கிறது, கொசு வந்து உட்கார்ந்தால் செத்துப்போகும் என்று மமதா அரைகுறைத் தமிழிலும் முழுக் கைஜாடையிலும் சொன்னாள். அவர்கள் ஊரில் சர்க்காரே வீடுவீடாகக் கொடுப்பார்களாம். கேட்டதும் எனக்கு எங்கள் அப்பா ஞாபகம்தான் வந்தது.

மருந்தடித்த நாள்

நான் பிறந்தது இளையரசனேந்தல் பக்கம். மானாவாரிப் பருத்தி. செடிக்கு மருந்தடித்த நாளில் எங்கள் அப்பா வீட்டுக்குள் வர முடியாது. வாசலில் தனி வாளி, தனிச் சோப்பு. உடுத்தியிருந்த துணியை முள்வேலியில் போட்டுவிட்டுக் குளித்த பிறகுதான் எங்களைத் தொடலாம். ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டதற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

அந்த வீட்டில் வளர்ந்தவளிடம், பூச்சி மருந்து ஏறிய வலைக்குள் பிள்ளையைப் படுக்க வைக்கிறேன் என்றால் எப்படி இருக்கும்? கொசுவைக் கொல்கிறது பிள்ளையை என்ன செய்யும் என்று கேட்டேன். புது வலையை முதலில் ஒரு நாள் நிழலில் காற்றாட விட வேண்டும், அதற்கப்புறம் ஒன்றும் செய்யாது என்றாள். ரிங்கி பிறந்ததிலிருந்து இதற்குள்தான் தூங்குகிறாள் என்று பிள்ளையின் கொழுத்த கன்னத்தைக் கிள்ளிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். ஆனாலும் அந்த வலையைத் தொடக்கூடாது என்று சங்கரிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தேன். அவன் அன்றைக்கே அதற்குள் புகுந்து ரிங்கியோடு பஸ் ஓட்டினான்.

ஒரு நாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே மமதா இன்னொன்று சொன்னாள். ரிங்கிக்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் இருந்திருக்கிறான். அவன் இருந்தபோதே வலை கொடுத்திருக்கிறார்கள். புதுசு அல்லவா, விருந்தாளி வந்தால் கட்டலாம் என்று மாமியார்க்காரி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாளாம். மழைக்காலத்தில் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. அம்மாவையே யாரென்று தெரியாமல் பார்த்தானாம். மலையிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். கீழே வந்து சேரவில்லை.

அடக்கம் பண்ணிவிட்டு வந்ததும் மமதா பெட்டியைத் திறந்து வலையை எடுத்து, ஆளில்லாத கட்டிலுக்கு மேலே கட்டியிருக்கிறாள்.

அவள் அழவில்லை. கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்துபோய்க் காப்பி போட்டேன். அதற்கப்புறம் அந்தப்புரக் கிண்டலை விட்டுவிட்டேன்.

இது வேற கொசு

தினேஷ் ஏதோ பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தான். வந்து கொஞ்ச நாள் கழித்து, உச்சி வெயிலில் கிடுகிடுவென்று நடுங்கினான். இருந்த கம்பளியெல்லாம் போதாமல் என் பழைய சேலைகளைப் போட்டு மூடினோம். மமதா ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஆட்டோ பிடித்து அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தாள். மலேரியா என்று வந்தது. படுக்கையில் சேர்த்தார்கள். மமதா ஆஸ்பத்திரியில் அவனோடு, ரிங்கி எங்களோடு.

மறுநாளே சுகாதாரத்துறை ஆட்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். எல்லோர் விரலிலும் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மாடித் தொட்டி, டிரம், யாரும் எட்டிப் பார்க்காத கிணறு, எதையும் விடவில்லை. கூட வந்த நர்சம்மா பொறுமைசாலி. இந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பொழுது சாயும் நேரத்திலும் ராத்திரியிலும் கடிக்கும் என்றார்.

நான் விடவில்லை. முன்னால் வந்தவர்கள் பகலில் கடிக்கும் என்றுதானே சொன்னார்கள்?

"அது டெங்கும்மா. அது வேற கொசு, இது வேற கொசு."

அப்படியானால் நான் பிள்ளையை எந்த நேரத்தில் காப்பாற்றுவது என்று கேட்டேன். எல்லா நேரமும்தான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதோடு விட்டாரா? காய்ச்சல்காரர் வீட்டுக்கு வந்ததும் வலைக்குள்தான் படுக்க வேண்டும் என்றார். அவனைக் கடித்த கொசு பிறகு அடுத்தவரைக் கடித்தால் அவருக்கும் வந்துவிடுமாம்.

வலை என்றால் நல்லாயிருக்கிற பிள்ளையை உள்ளே வைத்துக் காப்பாற்றுவது என்று இப்போதுதான் என் மரமண்டையில் ஏறியிருந்தது. அதற்குள் நோயாளியை உள்ளே வைத்து வெளியே இருப்பவர்களைக் காப்பாற்றுவதும் அதுதான் என்கிறார்கள். யாரை யாரிடமிருந்து மூடுவது?

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்காவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கொசுவை விடு, கொண்டுவந்தது இவர்கள்தானே என்றாள். "காலி பண்ணச் சொல்லிரு. நீ தவங்கெடந்து பெத்த பிள்ளை. அப்புறம் அழுது என்ன செய்ய?"

அந்தச் சொல் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. எனக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். காலையில் சங்கரின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும்போது, போகச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். மத்தியானம் ரிங்கி தட்டைத் தூக்கிக்கொண்டு "பெரியம்மா, சோறு" என்று வந்து நிற்கும்போது அந்த நினைப்பு எங்கேயோ ஓடிவிடும். பொழுது சாய்ந்தால் திரும்பி வந்துவிடும்.

வீட்டுக்காரர் செய்த சேவை

தறி ஓட்டுகிற ஆளுக்குத் துவண்ட துணியைக் கண்டால் ஆகாது. எங்கள் வீட்டில் அடுப்படிக் கைப்பிடித் துணிக்குக்கூடக் கஞ்சி உண்டு. கல்யாணமான புதிதில் என் உள்பாவாடைக்குக் கஞ்சி போட்ட மனுஷர் இவர். நடந்தால் சரசரவென்று சத்தம் வரும். மதினி, இதையும் படித்துக்கொள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் ஒருவர் நோயில் கிடந்து எழுந்தால், அவர் படுத்த துணியையெல்லாம் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் பிள்ளைகளை அதில் படுக்க விடுவோம். தினேஷ் மறுநாள் வருகிறான் என்று தெரிந்ததும் மனுஷருக்கு இரண்டும் ஒன்றாக ஞாபகம் வந்திருக்கிறது. அன்றைக்கு நான் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தேன். தடுக்க ஆளில்லை.

முதலில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து ஓட்டைகளை அடைத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் அறுந்த இழையை முடிந்த விரல். பிறகு அண்டாவில் வெந்நீர், சோடா, கல்லில் நாலு அடி. பிறகு கஞ்சி. பிறகு மொட்டைமாடியில் சுள்ளென்ற வெயில். நான் வந்து பார்த்தபோது, கடைக்கு அனுப்புகிற சேலை மாதிரி வலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் மமதா மோந்து பார்த்துத் தரையில் உட்கார்ந்தது இதனால்தான்.

எப்போதாவது ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலசலாம், நிழலில் உலர்த்தலாம், அவ்வளவுதான் என்று விரல்விட்டுச் சொன்னாள். சோடா கூடாது. வெந்நீர் கூடாது. வெயில் கூடாது. இவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"அழுக்கா இருந்துச்சு. பிள்ளை படுக்க எடம்லா" என்றார் வீட்டுக்காரர்.

மமதா அவரைத் திட்டவில்லை. வலையை மடியில் போட்டு விரலால் தடவித் தடவித் தேடினாள். ஓட்டை இருந்த இடங்களைத் தேடுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது. ஒன்றுகூட அகப்படவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமா நன்றியா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒரு சலவையில மருந்து முழுசாப் போயிராதும்மா. ஆனா சோடாவும் வெந்நீரும் வெயிலும்னா எவ்வளவு மிச்சம் இருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். ஓட்டையை அடைத்தது நல்ல காரியம் என்றும் சொன்னார். ஆக, மருந்து போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். வலை கெட்டிருக்கலாம், முன்னைவிட நன்றாகவும் ஆகியிருக்கலாம். புது மருந்து வலை கிடைக்குமா என்று கேட்டேன். இந்தப் பக்கம் வழக்கமாக வருவதில்லை, கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

எந்த வலைக்குள் யார்?

வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறினார். வாசுதேவநல்லூர், ராஜபாளையம் என்று கடைகடையாக மருந்து போட்ட வலை கேட்டிருக்கிறார். வலை வேண்டுமானால் ஜவுளிக்கடைக்குப் போங்க அண்ணாச்சி, மருந்து வேண்டுமானால் உரக்கடைக்குப் போங்க என்று அனுப்பியிருக்கிறார்கள். நல்ல பிள்ளையாக இரண்டுக்கும் போயிருக்கிறார். சாயங்காலம் ஒரு கையில் வெள்ளைக் கொசுவலை, மறு கையில் பருத்திக்கு அடிக்கிற மருந்து பாட்டிலோடு வந்து நின்றார். வாளியில் கலந்து முக்கி எடுத்தால் போதாதா என்றார்.

நானும் மமதாவும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான் தமிழில், அவள் அவள் பாஷையில். சொன்னது ஒன்றுதான் என்று எனக்கு நிச்சயம். அவர் பாட்டிலைக் கீழே வைக்காமல், கடையில் திருப்பிக் கொடுக்க அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

இப்போது வலை இரண்டு. நீல வலையில் மருந்து இருந்தாலும் இருக்கும். வெள்ளை வலையில் சத்தியமாக இல்லை. எதற்குள் யாரைப் படுக்க வைப்பது? காய்ச்சல்காரனையா, பிள்ளையையா? நான் ஒவ்வொரு விதமாகவும் யோசித்தேன், ஒவ்வொன்றும் சரியாகவும் தப்பாகவும் பட்டது.

மமதா முடிவு பண்ணிவிட்டாள். தினேஷ் வெள்ளைக்குள். நீல வலையைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடுவீட்டுக்கு வந்தாள். கட்டினாள். ரிங்கியை உள்ளே விட்டாள். பிறகு என்னைக் கேட்காமலே சங்கரின் கையைப் பிடித்து அவனையும் உள்ளே விட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மா அக்கா இன்னும் இரண்டு பேரோடு படியேறினாள். எதற்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். வலைக்குள் பிள்ளைகள் இரண்டும் தலையணையை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மருந்து உண்டா இல்லையா என்றே தெரியாத வலைக்குள் என் பிள்ளை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. எது சரி, எது தப்புன்னு தெரியல. ஆனா இவளைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றேன்.

"ஒம் பிள்ளை, ஒம் பாடு" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனாள். மறுநாள் பார்த்தால் அவள் வீட்டுத் தண்ணி டிரம்முக்கு மூடி வந்திருந்தது.

விட்டுப்போனது

தெருவில் வேறு யாருக்கும் நோய் இல்லை என்று ரிசல்ட் வந்தது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. தினேஷ் மாத்திரையைக் கடைசி வரை முழுங்கி எழுந்து நடமாடினான். ஆனால் வேலை செய்த இடத்தில் அதற்குள் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். வேறு வேலை பார்க்கலாம், இருங்கள் என்று நானும் சொன்னேன், வீட்டுக்காரரும் சொன்னார். ஊருக்குப் போய்விட்டு வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சங்கர் படுக்கிற கட்டிலுக்கு மேலே நீல வலை கட்டியிருந்தது. நாலு மூலையும் இறுக்கி முடிந்து, ஓரமெல்லாம் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது. வெள்ளை வலையைக் காணோம்.

மறந்துவிட்டுப் போகிறவள் இல்லை அவள். அப்புறம் ஏன்? "நான் கெடுத்ததை என் தலையிலேயே கட்டிட்டுப் போயிட்டா" என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். இல்லை, பிரியத்தில் விட்டுப்போனாள் என்று நான் வாதாடினேன். அவர் தறிக்குப் போன பிறகு, ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றும். உதவாதது என்று விட்டாளா, உதவும் என்று விட்டாளா?

போன வாரம் ஒரு சாயங்காலம் மமதா வீடியோ காலில் வந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை வலைக்குள் உட்கார்ந்து ரிங்கி கையாட்டினாள். வலை விறைப்பாக, கூடாரம் மாதிரி நின்றது.

"அண்ணாச்சி மாதிரி கஞ்சி போட்டேன்" என்றாள். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் சடாரென்று எழுந்து தறிப்பக்கம் போய்விட்டார். கண்ணைத் துடைக்கப் போனார் என்று நான் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நான் கேட்டேவிட்டேன். நீலத்தை ஏன் விட்டுப் போனாய்?

"எங்க ஊர்ல கேட்டா புதுசு குடுப்பாங்கக்கா. உங்க ஊர்ல யாரு குடுப்பா?"

இத்தனை கடையும் இத்தனை பஸ்ஸும் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அவள்தான் இல்லாதப்பட்டவள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். புதுசு வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் வரலக்கா. வரும்."

பிறகு சிக்னல் போய்விட்டது.

வலையின் மூலையை எடுத்து மோந்து பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். கஞ்சி வாசனைகூட இப்போது போய்விட்டது. மருந்து இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. யாரும் அதைத் துவைப்பதில்லை, வீட்டுக்காரர் பக்கத்திலேயே வருவதில்லை. விளக்கு வைப்பதற்கு முன்னால் சங்கரை உள்ளே விட்டு ஓரத்தைச் செருகினேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர்கள் ஊரில் நமக்கு முன்னாலேயே இருட்டிவிடுமாம். மருந்தில்லாத வெள்ளை வலைக்குள் ரிங்கி எப்போதோ போயிருப்பாள்.